ஏழாம் கேள்வி

லியபாயா. மார்ச் மாதம்.
பால்டிக் கடலின் காற்று
டிராம் கம்பிகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
நான்காம் மாடி. லிஃப்ட் கிடையாது.
கதவைத் திறந்த வெல்காவின்
முழங்கை வரை மீன்செதில்.
"உள்ளே வா, ஷூவைக் கழற்று, பூனையை வெளியே விட்டுவிடாதே."
என் அடையாள அட்டையை அவள் பார்க்கவேயில்லை.

வயது நாற்பத்தொன்பது.
முன்பு மீன் டப்பா ஆலை, இப்போது பள்ளிச் சமையலறை.
ஆறு கேள்விகள் வழுக்கிக்கொண்டு போயின.
ஏழாவது:
முதல் உறவின்போது உங்கள் வயது என்ன?

பஸ் நம்பர் சொல்வதுபோல்
ஓர் எண்ணைச் சொன்னாள்.
அதை இங்கே எழுதப்போவதில்லை.
ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டவள் நான்.
'சீக்கிரம்' என்ற கட்டத்துக்குள் அது விழுந்தது,
அவ்வளவுதான்.

சீக்கிரம் தொடங்கியவர்கள்
சீக்கிரம் முறித்துக்கொள்வார்கள் என்பது
எங்கள் பேராசிரியர் பிரியெடிஸின் யூகம்.
முதல் கோணல் முற்றும் கோணல்
என்பதைத்தான் அவர்
நாற்பது பக்கத்தில், சூத்திரங்களோடு சொல்கிறார்.

நான் பக்கத்தைப் புரட்டினேன்.
"முடிந்ததா?" என்றாள் வெல்கா.
"எனக்கு அது வேண்டியிருந்ததா என்று
கேட்கமாட்டாயா?"
படிவத்தை முன்னும் பின்னும் தேடினேன்.
அப்படி ஒரு கேள்வி இல்லை.
"சரி, விடு," என்று
கத்தியைத் துடைத்தாள்.
நீண்ட நேரம் துடைத்தாள்.

பதினொன்றாம் கேள்வி: அதன் பின் எத்தனை துணைவர்கள்?
அவள் விரல்விட்டு எண்ணவில்லை.
அடுக்களையைச் சுற்றிப் பார்த்து எண்ணினாள்.
இந்த இரும்புச் சட்டி உல்டிஸ் வாங்கியது,
சட்டி நல்ல சட்டி.
அந்தக் கதவுக் கீல் நோர்முன்ட்ஸ் மாட்டியது,
அதை உடைத்தவனும் அவனே, ஒரு கிறிஸ்துமஸ் இரவில்.
ஜன்னலோரம் வாடியிருக்கும் செடி
பெயர் மறந்துபோன ஒருவனுடையது.
"அவனையும் சேர்த்துக்கொள். பாவம்."
நான் 'நான்கு' என்று எழுதினேன்.
உப்புக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு
'ஐந்து' என்று திருத்தச் சொன்னாள்.

கடைசிக் கேள்வி, தற்போதைய நிலை:
திருமணமானவர், சேர்ந்து வாழ்பவர், தனியாக இருப்பவர்.
"எதிர்க் கட்டடத்தில் ஸிக்மார்ஸ் இருக்கிறான்.
பதினோரு வருஷம்.
அவன் குறட்டை அவன் வீட்டில், என் பூனை என் வீட்டில்.
பால்கனியில் பச்சைத் துண்டு தொங்கினால் வரலாம்.
தொங்காவிட்டால்
வரக்கூடாது, ஏன் என்றும் கேட்கக்கூடாது."
"அவர் கேட்டதுண்டா?"
"ஒரு தடவை. முதல் வருஷத்தில்."

மூன்று கட்டத்தில் எதிலும் அவர்கள் அடங்கவில்லை.
விதிப்படி 'தனியாக இருப்பவர்' என்று குறித்தேன்.
பதினோரு வருஷம்
ஒரு பேனாக் கீறலில் போயிற்று.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.
என் முதல் முறை இருபத்தொன்பது வயதில்,
எல்லாம் யோசித்து, நாள் பார்த்து.
அதன் பிறகு ஆறு வருஷத்தில்
மூன்று பேரைப் பிரிந்திருக்கிறேன்,
ஒருவரை எஸ்எம்எஸ்ஸில்.
பேராசிரியரின் வரைபடத்தில்
கோட்டைவிட்டு எங்கோ தள்ளி நிற்கும் புள்ளியாக இருப்பேன்.
அத்தகைய புள்ளிகளை
அவர் இரண்டாம் வாரத்தில் நீக்கிவிடுவார்.

புறப்படும்போது பொரித்த மீன் இரண்டைக்
காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.
பதிலளிப்பவரிடம் எதுவும் வாங்கக்கூடாது என்பது விதி.
டிராம் நிறுத்தத்தில் நின்று இரண்டையும் தின்றேன்.
விரலில் எண்ணெய்,
படிவத்தின் ஓரத்தில் ஒரு கறை,
ஏழாம் கேள்விக்குச் சற்றுக் கீழே.

டிராம் வருவதற்குள்
நான்காம் மாடி ஜன்னல் திறந்தது.
ஈரத் துண்டு ஒன்று காற்றில் படபடத்தது.
அந்த வெளிச்சத்தில்
நிறம் சரியாகத் தெரியவில்லை.
எதிர்க் கட்டடத்தில் யாரோ விளக்கை அணைத்தார்கள்.